பஞ்சேசுவரத்துக்கு ஒரு தூண்டிற்கோல்

தில்லியில் வாழும் நம்மவர்க்குக் கோடை விடுமுறை என்றால் இரண்டே திசைகள்தாம். ஒன்று தெற்கே, சொந்த ஊர். மற்றொன்று வடக்கே, அரித்துவாரமும் ரிசிகேசமும். ஊருக்குப் பயணச்சீட்டுக் கிடைத்தவர் ஊருக்குச் செல்வர். கிடைக்காதவர் கங்கையில் மூழ்கி மனத்தைத் தேற்றிக்கொள்வர். இருபத்தாறு ஆண்டுகளாக நானும் இவ்வழியே நடந்தவன். ஆனால் 2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், என் இளைய மகனோடு மூன்றாம் திசை ஒன்றில், நேபாள எல்லையை நோக்கி, ஒரு தூண்டிற்கோலைத் தோளில் சுமந்துகொண்டு புறப்பட்டேன். அப்பயணம் எனக்கு நாணம் தருவதாக முடிந்தது. ஈராண்டு கழித்து, 2024 ஏப்பிரலில், மீண்டும் அங்கே சென்றேன். இவ்விரு பயணங்களையும், இடையில் ஒரு கோலைத் தேர்ந்தெடுக்க நாங்கள் பட்ட பாட்டையும் நம் நேயர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் அவா.

தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் நான். மூங்கிற்கழி ஒன்று, தங்கூசி நரம்பு நாலு முழம், தக்கைக்கு ஒரு மயிலிறகுத் தண்டு, சிரட்டை நிறைய மண்புழு: இவ்வளவே எங்கள் இளமைக் கருவூலம். கெண்டை பிடிப்போம், கெளிறு பிடிப்போம்; பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோவோம்; ஆற்றங்கரைக்குப் போனதற்காக அடி வாங்கிய பின் அதே மீனைக் குழம்பாக உண்போம். கோலைத் தேர்ந்தெடுப்பது என்றால் மூங்கிற்புதரில் நேரான கழியாகப் பார்த்து வெட்டுவது என்றே நாற்பது ஆண்டுகள் எண்ணியிருந்தேன். தில்லியிலே பிறந்து, தமிழைத் தாயிடம் பேசவும் இந்தியைத் தெருவில் பேசவும் கற்ற என் மகனுக்குக் கல்லூரித் தோழன் ஒருவனால் இந்தப் பித்துப் பிடித்தது. “அப்பா, மலையாற்றில் மகாசீர் என்று ஒரு மீன் இருக்கிறதாமே, போகலாமா?” என்று அவன் கேட்டபோது, எனக்குள் உறங்கிக் கிடந்த அந்தப் பழைய சிறுவன் விழித்துக்கொண்டான். மகன் கேட்டான் என்பது பாதி உண்மை, மறுபாதி நானே.

பஞ்சேசுவரம் உத்தராகண்டத்தின் சம்பாவத் மாவட்டத்தில் இருக்கிறது. தில்லியிலிருந்து தனக்பூர் வரை இரயில் உண்டு. காலையில் ஏறினால் மாலையில் இறங்கலாம். பூர்ணகிரி அம்மன் திருவிழாக் காலமாகையால் வண்டியில் சிவப்புத் துணி கட்டிய அடியார் கூட்டம் நிரம்பி வழிந்தது. கோல் முறியாதிருக்க அதை நாலரை அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் இட்டு, இருபுறமும் மூடி எடுத்துச் சென்றோம். எதிரே இருந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, “குழாய் வேலை எந்த ஊரில்?” என்று அன்போடு விசாரித்தார். மீன்பிடிக்கும் கோல் என்று சொல்லி, அம்மனுக்கு விரதம் இருப்பவரை வருத்துவானேன் என்று கருதி, “மலையிலே” என்று மட்டும் சொன்னேன். ஒரு வகையில் அதுவும் மெய்தான்.

தனக்பூரில் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. சால் மரக்காடு, அதற்கு மேல் பைன், இன்னும் மேலே தேவதாரு. வழியெங்கும் புரான்சு மரங்கள் இரத்தச் சிவப்பாகப் பூத்து நின்றன. அப்பூவைப் பிழிந்து செய்யும் சர்பத்தைச் சாலையோரக் கடைகளில் விற்கிறார்கள். இனிப்பு மிகுதி என்றாலும் வெயிலுக்கு நல்லது. சம்பாவத் என்ற பெயரைக் கேட்டவுடன் சிம் கார்பெட்டு 1907 இல் சுட்ட புலி நினைவுக்கு வரும். 436 பேரைக் கொன்றதாகக் கணக்குச் சொல்லப்படும் பெண்புலி அது. அதே கார்பெட்டு தம் நூலில் புலிகளுக்கு நடுவே, மகாசீர் மீனுக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சம்பாவத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர் சென்றால் லோகாகாட். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் தேவதாரு நிழலில் அமைந்த சிற்றூர். அதன் அருகே மாயாவதியில் 1899 இல் நிறுவப்பட்ட அத்வைத ஆசிரமம் இருக்கிறது. தமிழர்கள் அவ்வழியே போனால் அங்கே இறங்காமல் வரக் கூடாது. அந்த ஆசிரமத்திலிருந்து வெளிவந்த ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கிலத் திங்களிதழ் பிறந்தது நம் சென்னையில், 1896 இல். அதன் முதல் ஆசிரியர் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி. ஆர். ராஜம் ஐயர். 1898 இல் அவர் இளமையிலேயே மறைந்ததும் இதழ் அல்மோராவுக்கு வந்து, பிறகு இம்மலைமேல் ஏறிற்று. தேவதாருக்களுக்கு இடையே அமைதியாக நிற்கும் அக்கட்டடத்தைப் பார்த்தபோது, வத்தலக்குண்டில் பிறந்த ஒருவரின் உழைப்பு எவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்கிறது என்று எண்ணிச் சிறிது நேரம் நின்றேன். மகனுக்கு ராஜம் ஐயரைத் தெரியாது. வண்டி ஓட்டியவர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார். ஆகவே சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன்.

லோகாகாட்டிலிருந்து பஞ்சேசுவரத்துக்குச் சாலை நாற்பது கிலோமீட்டர் அளவு, முழுவதும் இறக்கம். மேலே கம்பளி தேவைப்பட்ட நமக்குக் கீழே சட்டை பாரமாகிறது. சரயுவும் மகாகாளியும் கூடும் இடம் அது. மகாகாளிக்கு அப்பால் தெரிவது நேபாளம். கூடுமிடத்தில் சிவபெருமான் கோயில் ஒன்று இருக்கிறது. எல்லைக் காவல் வீரர்கள் அடையாள அட்டையைக் கேட்டார்கள். குழாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே கோலைக் கண்டதும் ஒருவர் சிரித்து, மீன் கிடைத்தால் தமக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

அவ்விரு ஆறுகளின் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. மகாகாளி பனிமலைகளின் உருகுநீரைச் சுமந்து வருவது. கோடை ஏற ஏறச் சாம்பல் பூத்த நீலமாகக் குளிர்ந்து பாயும். சரயுவோ ஊற்றிலும் மழையிலும் பிறந்தது; தெளிவும் இளஞ்சூடும் உடையது. கூடிய பின்னும் சிறிது தொலைவு இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போகின்றன. அந்த எல்லைக்கோட்டின் அடியில்தான், தெளிநீரில் இறங்கி வரும் சிறுமீன்களை எதிர்பார்த்துப் பெருமீன்கள் காத்திருக்குமாம். எங்களுக்கு வழிகாட்டியாக அமைந்த குமாவூன் முதியவர் சொன்னது இது. ஆற்றங்கரையிலேயே அறுபது ஆண்டு கழித்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் நீரைப் படிக்கத் தெரிந்தவர். அவரை நாங்கள் குமாவூன் வழக்கப்படி ‘தாஜ்யூ’, அதாவது அண்ணா, என்றே அழைத்தோம்.

மகாசீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இமயத்து ஆறுகளில் இருப்பது பொன்னிற மகாசீர். உள்ளங்கை அகலச் செதில்கள், சதைப்பற்றான தடித்த உதடுகள். தாடையில் பல் இல்லை, பற்களெல்லாம் தொண்டையில். அவற்றால் அது நண்டையும் நத்தையையும் நொறுக்கித் தின்னும். வலிமையற்ற தூண்டில் முள்ளையும் நசுக்கிவிடும். நம் காவிரியிலும் இதன் உறவு உண்டு. காவிரியின் கிளையான கபினியில் 1946 இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் பிடித்த மகாசீர் 120 இராத்தல். காவிரித் தொகுதிக்கே உரிய அந்தத் திமில் மகாசீருக்கு 2018 இல்தான் அறிவியலார் சரியான பெயரை உறுதி செய்தனர். அதே ஆண்டு அது மிகவும் அழிநிலையில் உள்ள உயிர் என்றும் பட்டியலிடப்பட்டது. நீலகிரிச் சரிவில் ஓடும் மோயாறு அதன் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. பொன்னிற மகாசீரும் அழிவை எதிர்நோக்கும் பட்டியலில் இருப்பதே. ஆகையால் பஞ்சேசுவரத்தில் அனுமதிச் சீட்டுப் பெற்றே தூண்டில் போட வேண்டும். பிடித்த மீனை உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

இனி முதற் பயணத்தின் நாணக் கதை. நாங்கள் கொண்டுபோன கோல் தில்லியில் ஒரு கடையில் வாங்கியது. “பெரிய மீனா? அப்படியானால் இதுதான்” என்று கடைக்காரர் ஒரு கரிநார்க் கோலை எடுத்துக் கொடுத்தார். கறுப்பாகப் பளபளத்தது; எடை மிகக் குறைவு; விறைப்போ ஈட்டிக்கு நிகர். “வளையவே வளையாது, சார்” என்று அவர் பெருமையோடு சொன்னபோது அதைப் புகழ் மொழியாகவே கொண்டோம். தாஜ்யூ அதை வாங்கி ஒருமுறை அசைத்துப் பார்த்தார். “பன்சியைக் கேட்டால் லாட்டியைக் கொண்டுவந்திருக்கிறீர்களே!” என்றார். இந்தியில் பன்சி என்றால் தூண்டிற்கோல். புல்லாங்குழலுக்கும் அதே பெயர். லாட்டி என்ன என்பதைத் தில்லி வாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் விடியலில் மகன் எறிந்த பொய்யிரையை ஒரு மீன் கவ்விற்று. கோல் வளையவில்லை, மகனே முன்னோக்கி வளைந்தான். முறுக்குநூல் நரம்போ நீளாத இனம். மீன் தலையை ஒருமுறை உதறியது; எங்கும் நெகிழ்ச்சி இல்லாமையால் அந்த உதறல் முழுவதும் முள்ளிலும் உதட்டிலும் போய்ச் சேர்ந்தது. நரம்பு தளர்ந்தது. சுற்றி இழுத்துப் பார்த்தால் மும்முள்ளில் விரல்நுனி அளவு தசை, வெளிறிய இளஞ்சிவப்பாக, ஒட்டிக்கொண்டிருந்தது. மீன் போய்விட்டது, அதன் உதட்டில் ஒரு துண்டு எங்களிடம் இருந்தது. மகன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தாஜ்யூ பாறைமேல் அமர்ந்து பீடியைப் பற்றவைத்து, “அடுத்த முறை இதோடு வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாபுஜி” என்றார். கூலிக்கு வருபவர் அப்படிச் சொல்வது எளிதன்று. அன்றே திரும்பினோம்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கேட்டாள்: “தின்பதற்குப் பிடிக்கிறவனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிறவர்களுக்கு என்ன நியாயம்? அதன் வாயைக் கிழிக்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்?” என்னிடம் விடை இல்லை. மீன்பிடிப்போர் செலுத்தும் கட்டணத்தால் ஆற்றங்கரை மக்களுக்கு வருவாய் உண்டு, அதனால் வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீனைக் கொல்வோரை அவர்களே தடுக்கிறார்கள் என்று சொன்னேன். அது மெய்யே. ஆனாலும் அவள் கேட்ட கேள்விக்கு அது விடை அன்று என்பது இருவருக்கும் தெரியும். மகன் கோலைப் பரண்மேல் போட்டான். ஓராண்டுக் காலம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் அவனே வந்து, “அப்பா, தப்பு மீனிடமும் இல்லை, ஆற்றிடமும் இல்லை. கோலைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாமல் போனோம்” என்றான். அப்போதுதான் எங்கள் படிப்புத் தொடங்கிற்று.

முதலில் இரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆழ்மடுக்களில் கிடக்கும் மீனுக்கு இடும் பொய்யிரைகளுள் ‘கிராங்க் பெயிட்’ என்பது ஒன்று. பால்சா மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த சிறு பொய்மீன். முன்னால் அகன்ற தகடு ஒன்று உதடுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். நீரில் விட்டால் பெரும்பாலானவை மிதக்கும். இழுத்தால் தகட்டின்மேல் நீர் மோதி அதைக் கீழ்நோக்கிச் செலுத்தும். கூடவே உடலை இடமும் வலமும் ஆட்டும். தகடு நீளமாகவும், மீனின் உடலுக்கு நேர்க்கோட்டில் படுத்தும் இருந்தால் ஆழம் மிகும். இவ்வகைப் பொய்மீன்களுக்குப் பெயர்பெற்ற ராபாலா என்னும் நிறுவனத்தின் மூலவர், பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ராபாலா. 1936 இல் அவர் தக்கையைச் செதுக்கி, ஈயத்தாள் சுற்றி, ஒளிப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சிட்டுத் தம் முதற் பொய்மீனைச் செய்தார். இன்று அந்நிறுவனத்தின் ‘டி.டி.’ வரிசையில் 10 என்றும் 16 என்றும் எழுதியிருந்தால், அது அத்தனை அடி ஆழம் போகும் என்பது பொருள்.

போகும் என்றால் உடனே போகாது. இதைத்தான் நாங்கள் அறியாதிருந்தோம். நீண்ட தொலைவு எறிந்து, நெடுக இழுத்து வந்தால்தான் அது தன் ஆழத்தை எட்டும். அங்கே சிறிது தூரம் ஓடும். பிறகு நம்மை நோக்கி மேலேறத் தொடங்கும். எறிதல் குறுகினால் ஆழமும் குறுகும். நரம்பு பருமனானால் நீர் அதைப் பிடித்து நிறுத்தும். ஆழம் இன்னும் குறையும். ஆகவே இத்தகைய இரைக்குக் கோல் நீளமானதாக, தொலைவுக்கு எறிவதாக இருத்தல் வேண்டும். அமெரிக்கர் தம் ஏரிகளில் பாஸ் என்னும் மீனுக்கு ஏழு முதல் எட்டு அடிக் கோல்களைக் கொள்கின்றனர். கரையில் நின்று எறியும் நமக்கு எட்டடிக்குக் குறைந்தது உதவாது என்பது என் கருத்து. ஒன்பதடியும் ஆகும், ஆனால் நாள் முழுதும் அதை வீச என் தோளுக்கு வலிமை இல்லை.

அடுத்தது வளைவு. கடைகளில் இரண்டு சொற்களைச் சொல்வார்கள்: ஒன்று ‘பவர்’, மற்றொன்று ‘ஆக்சன்’. முன்னது கோல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது. பின்னது அது எவ்விடத்தில் வளையும் என்பது. நுனி மட்டும் வளைந்தால் ‘ஃபாஸ்ட்’. பாதிவரை வளைந்தால் ‘மாடரேட்’. கைப்பிடிவரை குழைந்தால் ‘ஸ்லோ’. வாங்குவோர் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், நாங்களும் அப்படியே. பாரம் தாங்க வேண்டும் என்று நினைத்து, வளையாத கோலை வாங்கினோம். ஆழம் மூழ்கும் பொய்மீனுக்கு வேண்டியது பாதிவரை வளைவது. மீன் இரையைக் கவ்வும் நொடியில் கோல் சற்று இணங்கிக் கொடுத்தால் இரை வாய்க்குள் போக இடம் கிடைக்கும். உடனே வெட்டி இழுத்தால் வாய்க்கு வெளியே வந்துவிடும், அல்லது மேலுதட்டைத் தொட்டுக் கிழிக்கும். முறுக்குநூல் நீளாது, முள்ளோ சிறிது. இரண்டுக்கும் நடுவே நெகிழக்கூடியது கோல் ஒன்றே.

அப்படியானால் மிகக் குழைவான கோலே சிறந்ததா? இல்லை. இங்கேதான் ஆறும் ஏரியும் வேறுபடுகின்றன. அகன்ற தகடுடைய இரை ஏரியிலேயே பலமாக இழுக்கும். எதிர்நீரில் இழுத்தால் கேட்க வேண்டியதில்லை. மென்மையான கோல் அந்த இழுப்பிலேயே பாதி வளைந்துவிடும். மீன் கவ்வும்போது வளைவதற்கு மிச்சம் இராது. மேலும், கவ்விய மீனை அடக்க வலிமையின்றி நெடுநேரம் அலைய விட்டால் அது களைத்துப்போகும். கோடைநீரில் களைத்த மீனை விடுவித்தாலும் பிழைப்பது ஐயமே. உதட்டைக் கிழிப்பது ஒரு கொடுமை என்றால் மூச்சைத் தீர்ப்பது மற்றொரு கொடுமை. ஆகவே நுனியும் நடுவும் இளகி, அடிப்பகுதி நிமிர்ந்து நிற்பதாகக் கோல் அமைய வேண்டும்; ஏரிக்காரர் சொல்லும் அளவுக்கு ஒருபடி மேலான பவர் வேண்டும்.

இதற்குப் பொருத்தமான பொருள் கண்ணாடிநாரும் கரிநாரும் கலந்தது. மூங்கிலே மூத்தது. சென்னை மாகாணத்துச் சிவில் அதிகாரியாயிருந்த எச். எஸ். தாமஸ் 1873 இல் மகாசீர் பிடிப்பது பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய காலத்தில் மூங்கிலும் மரமுமே கோல்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடிநார் வந்தது. கனமானது, ஆனால் பொறுமையாக வளைவது. 1970களில் கரிநார் வந்து எடையைக் குறைத்தது, விறைப்பை ஏற்றியது. தனிக் கண்ணாடிநார்க் கோலை நாள் முழுதும் வீசினால் கை ஓய்ந்துபோகும். தனிக் கரிநார் எங்களை என்ன செய்தது என்று சொல்லிவிட்டேன்.

இந்த முறை வேறொரு கடைக்குப் போனோம். கைப்பிடிக்கு மேலே கோலில் அச்சிட்ட எழுத்தை முதலில் படித்தோம். நீளம் 8 அடி, இரையின் எடை 15 முதல் 40 கிராம். ஆழம் மூழ்கும் பொய்மீன்கள் பெரும்பாலும் 15 முதல் 30 கிராம் இருப்பதால் அது பொருந்திற்று. பிறகு கடைக்காரரின் அனுமதியோடு நரம்பை வளையங்கள் வழியே கோத்து, ஒரு லிட்டர் நீர்ப்புட்டியைக் கட்டித் தூக்கினோம். கோலின் மேற்பாதி வில்லாக வளைந்தது, கீழ்ப்பாதி அசையவில்லை. நரம்பு எங்கும் கோலைத் தொடாமல் வளையங்களையே பற்றி ஓடுகிறதா என்று பார்த்தோம். வளையம் ஒவ்வொன்றின் உள்ளும் சிறிது பஞ்சைத் தேய்த்து இழுத்தோம். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சிழை சிக்கிக்கொள்ளும், அக்கீறல் பின்னர் நரம்பை அறுக்கும். என் மனைவியின் கைவேலைப் பெட்டியிலிருந்து எடுத்துப்போன பஞ்சு அது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கைப்பிடியின் வால் முழங்கைக்குச் சற்று அப்பால் செல்லும் அளவு நீளமாக இருந்தது. இரு கையாலும் எறிய அது வேண்டும். இரண்டு துண்டாகக் கழலுவது; எங்கள் குழாய்க்குள் அடங்கிற்று. நாலு துண்டுக் கோல் சுமக்க எளிது. ஆனால் பொருத்துகள் மிகுந்தால் ஆற்றங்கரையில் ஒன்று தளர்ந்திருப்பதை யாரும் கவனிக்காமல் விடும் வாய்ப்பும் மிகும்.

ரீல் பற்றி ஒரு வார்த்தை. வேகமாகச் சுற்றும் ரீல் இங்கே வீண்பெருமை. ஒரு சுற்றுக்கு ஐந்து சுற்று அளவில் மெதுவாகச் சுழல்வது வலுவாக இழுக்கும்; கையும் ஓயாது. கூடவே பொய்மீன்களில் இருந்த மும்முட்களையெல்லாம் கழற்றி, தடித்த ஒற்றை முள்ளை, அதன் கொக்கியை இடுக்கியால் நசுக்கி, வால்பக்கம் மாட்டினோம். மீன் நழுவுவது மிகும் என்றார்கள். நழுவட்டும் என்றான் மகன்.

2024 இல் தாஜ்யூ எங்களை அடையாளம் கண்டுகொண்டார். முதலில் குழாயைத்தான் திறக்கச் சொன்னார். கோலை அசைத்தார், நுனியைக் கல்லில் ஊன்றி மெல்ல அழுத்தினார், முள்ளைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முன்னே நடந்தார். முதல் இரண்டு நாளும் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்க்கரை நேபாளத்தில் பெண்கள் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் கோயில் மணி ஒலித்தது. நாங்கள் சமைத்த பருப்புச் சோற்றைத் தாஜ்யூ மூன்று முறை கேட்டு வாங்கி உண்டார். கொண்டுபோயிருந்த எலுமிச்சை ஊறுகாயை மட்டும் ஐயத்தோடு பார்த்துவிட்டு மறுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் வெயில் ஏறும் முன், இரு நீரும் கூடும் கோட்டைக் குறுக்கே கடந்து மகன் எறிந்தான். பொய்மீன் கீழிறங்கி அடிக்கல்லைத் தொட்டது. தகடு கல்லில் தட்டும் ஒலி கோல் வழியே கைக்கு வரும். தட்டியவுடன் சுற்றுவதை நிறுத்த வேண்டும். மிதக்கும் இரையாதலால் அது தானே பின்னோக்கி எழும்பி, சிக்கலிலிருந்து விடுபடும். அவன் நிறுத்தினான். ஒன்று, இரண்டு என்று எண்ணி மீண்டும் சுற்றத் தொடங்கிய கணத்தில் கோல் பாதிவரை வளைந்து அப்படியே நின்றது. பிறகு மீன் மகாகாளியின் நடுநீருக்கு ஓடிற்று. ரீல் பாடிற்று. அவன் கரையோரமாகப் பாறைமேல் தாவித் தாவிச் செல்ல, நான் பின்னால், “கால், கால் பார்த்து வை!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். மீன் தலையை உதறிய ஒவ்வொரு முறையும் கோல் குனிந்து நிமிர்ந்தது; உதறலை அதுவே விழுங்கிற்று. இருபது நிமிடத்துக்குள் ஆழமற்ற மணல்விளிம்புக்கு அதைக் கொண்டுவந்தான்.

நீரைவிட்டு அதை வெளியே எடுக்கவில்லை. முதுகு கரும்பச்சை, பக்கங்கள் பழைய வெண்கலப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கியது போன்ற பொன்னிறம், வால் செம்மஞ்சள். நாடாவை நீட்டியபோது 92 சென்டிமீட்டர். முள் வாய்க்கோணத்தில், சிறு துளையாகப் பதிந்திருந்தது. இரு விரலால் திருகியதும் வந்துவிட்டது. தாஜ்யூ மகனின் கையைப் பிடித்து, மீனைப் பெருக்கை நோக்கித் தலை வைத்துத் தாங்குவது எப்படி என்று காட்டினார். செவுள் நாலைந்து முறை நிதானமாக விரிந்து மூடிற்று. பிறகு வால் ஓர் அசைவு. கையில் நீர் மட்டும் இருந்தது. “பன்சி” என்றார் தாஜ்யூ, கோலைச் சுட்டி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை அவரோடு பாறைமேல் அமர்ந்திருந்தபோது, ஆற்றின் கீழ்ப்பக்கம் கைகாட்டினார். 1996 பிப்ரவரியில் இந்தியாவும் நேபாளமும் செய்த மகாகாளி உடன்படிக்கையின்படி, கூடுமிடத்துக்குச் சிறிது கீழே 315 மீட்டர் உயரத்தில் அணை ஒன்று கட்டத் திட்டம். 2017 இல் இவ்வட்டார மக்களைக் கூட்டிக் கருத்தும் கேட்டார்கள். இன்னும் கட்டப்படவில்லை. கட்டினால் கோயிலும் மணல்விளிம்பும் நாங்கள் அமர்ந்திருந்த பாறையும் நீருக்கு அடியில். மழைக்காலத்தில் முட்டையிட மேலே ஏறிவரும் மகாசீருக்கு வழி அடைபடும். “மின்சாரம் வரும் என்கிறார்கள்; பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள்” என்றார் அவர். “என் பேரனும் வேலை வேண்டும் என்கிறான். அவன் சொல்வதும் சரிதானே?” நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தில்லியில் ஒரு பொத்தானைத் தட்டினால் எரியும் விளக்கின் கீழ் வாழ்பவன் இவரிடம் என்ன சொல்வது என்று எண்ணி அடங்கினேன். மகன் அவரிடம் கோலை ஒரு முறை வீசிப் பார்க்கச் சொன்னான். அவர் வீசியது மகனுடையதை விடப் பதினைந்து முழம் அதிகம் சென்றது.

வீடு திரும்பியதும் மகன் தன் தாயிடம் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினான். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, மீனின் வாயருகே பெரிதாக்கிப் பார்த்தாள்.

“உதடு கிழியவில்லையே?”

“இல்லை அம்மா.”

“போய்விட்டதா, நன்றாக?”

“நன்றாகப் போய்விட்டது.”

“சரி. அந்தக் குழாயைப் பூசை அறைப் பக்கம் வைக்காதே” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். இப்போது அது இரும்பு அலமாரியின்மேல் இருக்கிறது. மழை விட்டபின், அக்டோபர் திங்களில், சரயு மீண்டும் தெளியுமாம்.